கிரகணத்தன்று வந்த வயிற்று வலி

முழுச் சூரிய கிரகணம் எங்கள் அமாமி தீவுக்கு வந்த அன்று, சூரியனை நிமிர்ந்தே பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்தவன் நான் ஒருவன்தான்.

டோக்கியோவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். வரட்டும். நான் வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோக்காரன். நிலா சூரியனை மறைத்தால் பட்டப்பகலிலேயே வானம் ராத்திரியாகிவிடும். ராத்திரியில் மட்டும் எட்டுகிற தூரத்து நிலையங்கள் அப்போது காதில் விழும். அதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க எனக்கென்ன பைத்தியமா?

சிக்கல் ஒன்றுதான். கூடவே உட்கார்ந்து பார்ப்பதாக என் மனைவி சிஸுருவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் காலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வலிக்குது?"

"இங்க."

"நேத்து கோழிச்சாறு ஊத்தி மூணு கிண்ணம் சோறு சாப்பிட்டப்போ வலிக்கலையே?"

"அதான் இன்னிக்கு வலிக்குது."

"இதை விட்டா, இந்தத் தீவுக்கு அடுத்தது வர்றப்போ நாம ரெண்டு பேரும் கல்லறையில இருப்போம். தெரியும்ல?"

"தெரியும் சிஸுரு. விதி."

"சரி, படுங்க. நான் மட்டும் போறேன்."

இவ்வளவு சுலபமாக விடுகிறாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். மூன்று வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் பாட்டு வகுப்புக்குப் போகிறாள், வீட்டில் ஒரு வரி பாடியதில்லை. அதையே யோசிக்காதவன் நான்.

வாசல் கதவு சாத்தியதும் வலி பறந்தது. ஜன்னலை மூடி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மோர்ஸ் தந்தி தட்ட ஆரம்பித்தேன்.

வெகு நேரம் யாருமில்லை. பிறகு பளிச்சென்று ஒரு நிலையம். புது அழைப்புக் குறி. அதில் வட்டார எண் ஆறு. வடக்கே இருக்கும் பெருந்தீவு கியூஷு முழுவதற்கும் எங்களுக்கும் அதே ஆறுதான். அங்கே எங்கோ நாகசாகிப் பக்கம் என்று முடிவு செய்தேன். ஆனால் சிக்னல் பக்கத்து அறையிலிருந்து தட்டுவதுபோல விழுந்தது. எனக்குப் புல்லரித்தது. கிரகண மகிமை என்றால் இதுதான்.

"இப்படி ஒரு சிக்னலை நான் கேட்டதே இல்ல. உங்க பேரு?" என்று தட்டினேன்.

"பேரு அப்புறம். நான் இதுக்குப் புதுசு. நீங்க கிரகணம் பாக்கலையா?"

"இல்ல. வீட்டுக்காரிகிட்ட வயித்து வலின்னு சொல்லித் தப்பிச்சுட்டேன்."

"நம்பிட்டாங்களா?"

"அவளா? பாவம், எதைச் சொன்னாலும் நம்புவா. மோர்ஸ்னா கிலோ என்ன விலைன்னு கேப்பா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் விரலால் கெட்டேன்.

பதில் நிதானமாக வந்தது.

"கஞ்சி அடுப்பு மேல இருக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கடற்கரைக்கு வாங்க. இருட்டப் போகுது."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மணலில் பாய் விரித்து, ரேடியோ முன்னால் சிஸுரு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எங்கள் ரேடியோ சங்கத்து ஆட்கள். நான் தட்டியதையெல்லாம் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். மோர்ஸ் தெரியாதவன் அங்கே ஒருவனும் இல்லை.

"பாட்டு வகுப்பு..." என்று இழுத்தேன்.

"எங்க வீட்லதான் நடந்துச்சு," என்றார் சங்கத் தலைவர் ஃபுகுநாகா. "விரலால நல்லாவே பாடுறாங்க."

"ஏன் சிஸுரு என்கிட்ட சொல்லல?"

"ஊர் உலகத்துல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் பேசுறீங்க. நானும் வரிசையில நின்னா என் முறையும் வரும்னு பாத்தேன்."

மணல் ஒட்டிய காலோடு அவள் பாயில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை ஒளி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. ரேடியோ ஞாபகமே வரவில்லை.

வெளிச்சம் திரும்பியதும் எல்லோருக்கும் சோறு போட்டுச் சுடச்சுடக் கோழிச்சாறு ஊற்றினாள். நானும் கிண்ணத்தை நீட்டினேன்.

"உங்களுக்குத்தான் வீட்ல கஞ்சி இருக்கே."

அந்தக் கிரகணத்தில் நான் பிடித்த ஒரே தூரத்து நிலையம், கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து கோழிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.