லூர்து அத்தையின் ஜீப்பில் ஒரே ஒரு கியர்

கழற்றுகிற வரைக்கும் எல்லாருமே மெக்கானிக்தான். மாட்டும்போதுதான் யார் வாத்தியார், யார் மெக்கானிக் என்று தெரியவரும். நான் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். பற்சக்கரங்களைக் கரும்பலகையில் அழகாக வரைவேன். (அவை சுற்றவேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.)

லூர்து அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்வராயன் மலையில் நர்ஸாக இருந்தார். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பைத் தானே ஓட்டி, வலி கண்ட பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் கள்ளக்குறிச்சிக்கு இறக்கிக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்றபின் ஜீப்போடு வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் அவர் பின்னால் எடுக்கமாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துவிடுவார். “உள்ள நோயாளி இருக்குது. நான் எதுக்குடா பின்னாடி போவணும்?” என்பார். நோயாளி இல்லாத நாளிலும் இதே சட்டம்தான். வெள்ளிமலை பஸ்ஸாகவே இருந்தாலும் அதுதான் பின்னால் போகவேண்டும்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபிறகு அத்தை கட்டிலோடு ஆனார். அதற்கு முன்பே ஜீப்பின் கிளட்ச் தேய்ந்து, வண்டி கொட்டகைக்குள் முடங்கியிருந்தது. ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“என்ன ஆம்புலன்ஸ்ல ஏத்திடாத. எத்தினி பேர அந்த ஜீப்புல ஏத்திக்கினு வந்திருக்கேன். கல்லறைக்கு என்னையும் அதுலயே கொண்டு போய் விட்டுடு.”

“சத்தியமா செய்றேன் அத்த.”

“சத்தியமெல்லாம் வேணாம். கிளட்ச்ச பாரு.”

ஒர்க்‌ஷாப்பில் விட அத்தைக்கு விருப்பமில்லை. போனது திரும்பி வருவதற்குள் தான் போய்விடுவோம் என்று பயந்தார். அதனால் நானே மாற்றுவதாக அறிவித்தேன். என் மனைவி ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் தம்பி சேவியருக்குப் போன் போட்டு வரச்சொன்னாள். (சேவியருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவனுக்கு அது தெரியும்.)

கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமானால் கியர் பெட்டியை இறக்கியாகவேண்டும். ஸ்டாண்டு வைத்து வண்டியைத் தூக்கினோம். சீட், தரைத் தகடு, கியர் கம்பி, அடியில் ஓடும் ஷாஃப்ட் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. கொட்டகையில் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. பெட்டியை மட்டும் மூங்கிலில் கயிறு கட்டி மெல்ல இறக்குவதாகத் திட்டம். நான் அடியில் படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டைக் கழற்றினேன். கயிறு அதன் வேலையைச் செய்யவில்லை.

ஜன்னல் வழியாக அத்தையின் குரல் வந்தது. “சகாயம், பொட்டி இறங்கிச்சா?”

“இறங்கிடுச்சு அத்த.”

“எங்க?”

“நெஞ்சு மேல.”

சேவியரும் ஸ்டெல்லாவுமாக அதைப் புரட்டி என்னை மீட்டார்கள். நான் செய்த அடுத்த காரியத்துக்குத்தான் இன்றுவரை மன்னிப்பில்லை. கிளட்ச் மாற்றுவதற்குக் கியர் பெட்டியின் மேல்மூடியைத் திறக்கவே தேவையில்லை. நான் திறந்தேன். இத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்ததை நேரில் பார்க்கிற ஆசை. எண்ணெயில் பளபளத்த பற்சக்கரங்களை சேவியருக்குக் காட்டி ஒரு சின்னப் பாடமும் நடத்தினேன். பிறகு மூடியைப் போட்டு நன்றாக முறுக்கினேன்.

புது பிளேட்டைப் போட்டுப் பெட்டியை மறுபடி ஏற்றியது ஒரு தனி யுத்தம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு பிளேட்டின் ஓட்டைக்குள் நேராகப் போகவேண்டும். அது போகமாட்டேன் என்றது. நாங்கள் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டோம். சேவியர் கடைசியில் காலால் ஓர் உதை விட்டான், போய்விட்டது. எல்லாவற்றையும் மாட்டி, வண்டி ஸ்டாண்டிலேயே நிற்க, எஞ்சினைப் போட்டுக் கியரைத் தள்ளிக் கிளட்ச்சை விட்டேன். பின்சக்கரம் சுற்றியது! நாங்கள் கைதட்டினோம். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று இயற்பியல் வாத்தியாருக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

“சத்தம் நல்லா இருக்குடா,” என்றார் அத்தை. அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். வண்டியைக் கீழே இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு ஓட்டிப்பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

விடிந்தபோது அத்தை இல்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

அடக்கத்துக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் மறுத்துவிட்டேன். கொட்டகையிலிருந்து ஜீப்பைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினேன். வெண்ணெயாக வந்தது. கும்பலில் யாரோ, “வாத்தியாரு செஞ்சிட்டாருப்பா,” என்றார்கள். துக்கத்தின் நடுவிலும் எனக்குக் காது குளிர்ந்தது.

சவப்பெட்டியை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கள் பக்கம் இறந்தவரின் கால்தான் முன்னால் போகவேண்டும். அதனால் அத்தையின் கால் டிரைவர் சீட்டுப் பக்கம், தலை வண்டியின் கடைசியில். சிலுவையும் சாமியாரும் முன்னே, பாடுகிற பெண்கள் பின்னே. நான் கம்பியை முதல் கியருக்கு இழுத்து, சிலுவைக் குறி போட்டு, கிளட்ச்சை விட்டேன்.

ஜீப் பின்னால் போனது. பாட்டு அலறலாக மாறியது.

பிரேக்கை மிதித்தேன். மறுபடி கம்பியை ஆட்டினேன். கம்பி வந்தது, கியர் வரவில்லை. (பிறகு மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மூடிக்கு அடியில் கியரை நகர்த்தும் முள்கரண்டி மாதிரியான கவைகள் பற்சக்கரங்களின் பள்ளத்தில் உட்காரவேண்டும். நான் உட்காரவைக்கவில்லை. என் கவை கியரை ரிவர்ஸில் தள்ளும், திரும்ப இழுக்காது.) நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் பெண்கள் பத்தடி ஓடினார்கள்.

“இன்னா மாமா ஆச்சு?” என்றான் சேவியர்.

“ரிவர்ஸ் மட்டும்தான் இருக்குது.”

“அவங்களுக்கா? ரிவர்ஸா?” என்றாள் ஸ்டெல்லா. அவள் கண்ணில் நீர் நின்றது. உதடு வேறு என்னவோ செய்யப் பார்த்தது.

மறுபடி ஆம்புலன்ஸ் பேச்சு எழுந்தது. அத்தை என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். “பின்னாடியே போறேன்,” என்றேன். சாமியார் ஒரு நிமிஷம் யோசித்து, “ஆண்டவருக்கு எந்தப் பக்கமா வந்தாலும் ஒண்ணுதான்,” என்று சிலுவையோடு வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். பெண்கள் ஹெட்லைட் பக்கம் வந்தார்கள். இப்போது அத்தையின் தலை முன்னால் போகும் என்று ஒரு பெரியவர் ஆட்சேபித்தார். பெட்டியை இறக்கித் திருப்பி ஏற்றினார்கள். அத்தையின் முகம் என் சீட்டுக்கு ஒட்டி வந்துவிட்டது.

பின்னால் ஓட்டுகிறவன் பின்னால் பார்த்துத்தானே ஓட்டவேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு அந்தத் தெரு முழுக்க அத்தையைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரே வீட்டில் இருந்தும் அந்த முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததேயில்லை. நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அழுகை வந்தது.

மெயின் ரோட்டில், குறுகலான மதகுக்கு நடுவே போனபோது எதிரே வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். தலை நரைத்த ஆள். “கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கோங்க சார், நான் போயிடுறேன்,” என்றார்.

“முன்னாடி போவாதுங்க.”

“இன்னாது?”

“பின்னாடி மட்டும்தாங்க போவும்.”

அவர் ஜீப்பை உற்றுப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“சிஸ்டரா? கடசி நாளும் நான்தான் பின்னாடி போவணுமா சிஸ்டர்?”

கண்டக்டர் விசில் ஊத, பஸ் மதகைத் தாண்டிப் பின்னால் போய் ஓரத்தில் ஒதுங்கியது. பயணிகள் எழுந்து நின்றார்கள். முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். அப்புறம் சேவியர், பாடிக்கொண்டிருந்த பெண்கள், சாமியார்கூட. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை, ரோடு மங்கலாகத் தெரிந்தது. பின்பக்கமாகவே போனாலும் அத்தை யாருக்கும் ஒதுங்காமல்தான் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

(வீட்டுக்கும் பின்பக்கமாகவேதான் வந்தேன். யாரும் ஏறவில்லை.)

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது காரைப் பின்னால் எடுத்தால், “ஒதுங்குங்க, லூர்து அத்த வராங்க,” என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். ஸ்டெல்லாவுக்குச் சாதாரண ஜுரம் வந்தால்கூட அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

“இங்க பாருங்க, எனக்கு ஆம்புலன்ஸே போதும்.”