ஏழாம் எண் காளான் கல்

கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் அது எப்போது உடையும் என்று பார்க்கத் தோன்றும். எனக்கு இப்போது அது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இருபத்தாறு வயதில் அடங்கவில்லை.

அப்போது கூலாயில் வேலை. கட்டடம், மின்சாரம், இயந்திரம், வேதியியல் என்று ஆளுக்கொரு பக்கம் கிடந்த இளம் பொறியாளர்களை ஒன்றுசேர்த்து, அவரவர் புது ஆராய்ச்சியை மற்றவர்களுக்குக் காட்டவைக்க வேண்டும் என்று ஆசை. பெர்மாஸ் ஜெயாவில் மண்டபம் பிடித்து, நாற்பது பேரைத் திரட்டி, 'துறைச் சுவர்களை உடைப்போம்' என்று பேனரும் அடித்தாயிற்று. (வாசகம் என்னுடையதுதான். வேறு யார்மேலும் பழி போட முடியாது.)

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை ஸ்டெல்லா தன் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெக்கான் நானாஸ் ஊர்ப் பெண். உயிரிப் பொறியியலில் முதுகலை செய்துகொண்டிருந்தாள். அன்னாசி இலைச் சக்கையில் காளான் இழையை வளரவிட்டு, காயவைத்து, வெள்ளையாக ஒரு கல் செய்திருந்தாள். அது பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி இருந்தது.

"பத்திரமா வச்சிக்குங்க அண்ணே. நாளைக்கு செனாய்ல இருந்து ஒரு ஃபேக்டரி மேனேஜர் இதப் பாக்கத்தான் வராரு. பிடிச்சிருந்தா அவங்க ஃபேக்டரியிலயே செஞ்சு பாக்க எடம் தரேன்னாரு."

"கவலப்படாத லா," என்றேன்.

எங்கள் தொழிலில் எண் இல்லாத பொருளுக்கு மரியாதை கிடையாது. ஒரே கலவையில் அரை டஜன் கல் வார்ப்போம், நசுக்குவோம், தாங்கிய பாரத்தை எழுதுவோம். ஒருத்தி ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பாவம், பாரக் கணக்கு இல்லாமல் மேனேஜர் முன்னால் நிற்கப்போகிறாளே, நாமே எடுத்துக்கொடுப்போம் என்று அன்றிரவே எங்கள் சோதனைக்கூட இயந்திரத்தில் வைத்து அழுத்தினேன். கான்கிரீட் என்றால் டமார் என்று வெடிக்கும். இது சத்தமே போடாமல், மிதிபட்ட இட்லி மாதிரி அமுங்கியது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தட்டில் வைத்து, எண்ணை அட்டையில் அழகாக எழுதி, காலையில் அவள் மேசையில் நானே வைத்தேன்.

"அண்ணே, என் கல்லு எங்க?"

"இதோ! டெஸ்ட் பண்ணி ரிசல்டும் எடுத்துட்டேன்."

அவள் தட்டையே பார்த்தாள். "எதுக்கு நசுக்கினீங்க?"

"எவ்வளவு தாங்கும்னு பாக்க."

"அது எதையும் தாங்க வேணாம் அண்ணே. கண்ணாடி சாமான் உடையாம இருக்க, பெட்டிக்குள்ள வைக்கிறது அது."

"அலமாக்! வேற ஒண்ணு இருக்குல்ல?"

"ஏழு வளத்தேன். ஆறு கெட்டுப்போச்சு. இந்த ஒண்ணத்தான் மூணு மாசமா வாரா வாரம் எடை போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. மேனேஜர் வந்தார், தட்டைப் பார்த்தார், என் அட்டையையும் படித்தார். முழுசாக ஒன்று தயாரானால் கூப்பிடச் சொல்லிவிட்டு, தேநீர் குடித்ததோடு கிளம்பிவிட்டார். ஸ்டெல்லா மேடையேறி, நசுங்கியதைக் கையில் பிடித்தபடியே பத்து நிமிடம் பேசினாள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பேனருக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்தது.

அதன்பின் பல சனிக்கிழமைகள் பெக்கான் நானாஸ் போய், அன்னாசி இலை நறுக்கிக் கொடுத்தேன். (டின்னைத் தொட அனுமதியில்லை.) புதுக் கல் சரியாக வந்தது. மேனேஜரும் இடம் கொடுத்தார். ஆனால் அவள் படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அச்சான ஆய்வேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். என் மனைவிதான் முதலில் புரட்டினாள். கடைசிப் பக்க அட்டவணையில் ஒவ்வொரு கல்லுக்கும் நேர்ந்த கதி இருந்தது. ஒன்று முதல் ஆறு வரை, காரணம்: பூசணம். ஏழுக்கு நேரே, காரணம்: சிவில் இன்ஜினியர்.

இன்றும் எங்கள் வீட்டில் கிளாஸ் உடைந்தால் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. போன வாரம் என் மகள் பூச்சாடியைத் தள்ளிவிட்டாள். நான் வேலையில் இருந்தேன். வீடு திரும்பியபோது உடைந்த துண்டுகளின் மேல் ஒரு காகிதம் இருந்தது. அந்தப் பழைய காரணத்தையே எழுதி, கையெழுத்துப் போட எனக்கு இடமும் விட்டிருந்தாள். போட்டேன்.