சிவனம்மாள் கொண்டை முடிந்த காதை

வாழி சிவனம்மாள்! வலமார்பைப் புற்றுக்குத் திறையாகக் கொடுத்து உயிர்க்கோட்டையைக் காத்த கொற்றவை, திண்டுக்கல் மலைக்கோட்டையும் அண்ணாந்து பார்க்கத்தக்க நெஞ்சுரத்தாள், தையல் பிரித்து வீடு மீண்ட வெற்றிச்செல்வி, தன் கூந்தலைத் தானே அள்ளி முடியும் பெரும்போருக்கு இன்று எழுந்தாள் என்பதை எட்டுத் திக்கும் அறிவதாக!

"கைய மெல்ல மெல்லத் தலைக்கு மேல தூக்கிப் பழகணும்மா. பயந்து மடக்கியே வச்சிருந்தா தோள் இறுகிப்போகும்" என்று மருத்துவர் ஆணையிட்டிருந்தார். ஆனால் அன்பெனும் நால்வகைப் படை அவளை முற்றுகையிட்டிருந்தது. ஆப்பிளும் சத்துமாவும் ஏந்தி அணியணியாய் வந்த உறவினர் கட்டிலைச் சூழ்ந்தமர்ந்து, இதே நோயில் இறந்தவர்களின் வரலாறுகளை ஆறுதலாக எடுத்துரைத்தனர். நத்தத்திலிருந்து வந்திறங்கிய நாத்தனார் கண்ணம்மாள், "அந்தக் கைய அசைச்சே, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும் ஆமா!" என்று முழங்கி, தலையணைகளால் அக்கரத்துக்கு அரண் எழுப்பினாள். கணவர் பொம்மையனோ வெங்காய மண்டியில் மூட்டை கட்டுபவர். நாள்தோறும் மனைவியின் தலைக்கு எண்ணெய் தடவி, பயபக்தியோடு, தாம் அறிந்த ஒரே முடிச்சைப் போட்டார். லாரி குலுங்கினாலும் அவிழாத முடிச்சு அது. கண்கள் மேல்நோக்கி இழுபட, அந்த அன்பையும் அவள் தாங்கினாள்.

ஆயினும் நேற்றுத் தோளுயரம் எழுந்த கரம் இன்று அதற்கும் கீழே நின்றுவிட்டது. இனி ஆயுளுக்கும் பிறர் கையால்தான் தலை முடிய வேண்டுமோ என்று உள்ளூர நடுங்கினாள்.

பொம்மையன் விடியலிலேயே மண்டிக்குப் போய்விட்டதால் கூந்தல் விரிந்தே கிடந்தது. கண்ணம்மாள் குளிக்கப் புகுந்த நல்வேளையில், முருகனை வேண்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இடக்கரம் முன்செல்லும் தூசிப்படையெனப் பாய்ந்து கூந்தலைப் பற்றியது. வலக்கரமோ, தோளை எட்டுமுன் அக்குளில் ஆயிரம் வேல் பாய்ந்தாற்போல் வலி எழ, தெருமுனையில் சிக்கிய தேராய் அசைவற்று நின்றது. விண்ணவர் எவரும் வந்திலர். ரசம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மரியசெல்வி, தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அம்முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையை ஏந்தினாள். இறைவன் பெரும்பாலும் இவ்வளவு சிறிய படையைத்தான் அனுப்புகிறான்.

"மெதுவாக்கா. ஆமா, அண்ணன் தெனமும் கட்டிவிடுறது கொண்டையா, வெங்காய மூட்டையா?"

"சிரிக்க வைக்காதடி, இழுக்குது!"

சிரித்தாள், சிரித்த கணத்தில் கை ஏறிற்று. மரியசெல்வி தன் உள்ளங்கையை ஓசையின்றி விலக்கினாள். கரம் விழவில்லை! பிரிந்திருந்த இரு சேனைகள் மலைக்கணவாயில் கலந்தாற்போல் இரு கைகளும் பிடரியில் சந்திக்க, கூந்தல் சுழன்றது, சுருண்டது, முடிந்தது! அதிர்க முரசம்! ஆர்ப்பரிக்க வெண்சங்கம்!

ஈரத்தலையோடு ஓடிவந்தாள் கண்ணம்மாள். "அடிப்பாவி, கையத் தூக்கிட்டியா!"

"தூக்கிட்டேன் மதினி."

அரண் எழுப்பிய அவ்வீராங்கனை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோணலா இருக்கு" என்று தீர்ப்பளித்தாள்.

செத்த நேரத்தில் தலை அரித்தது. சிவனம்மாள் கொண்டையை அவிழ்த்துச் சொறிந்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டாள்.