நாற்பதாம் நம்பர் டப்பா

தணிகாசலத்துக்கு இன்னும் ஒரே ஒரு டப்பாதான் பாக்கி. முப்பத்தொன்பது வந்து சேர்ந்துவிட்டன. நாற்பதாவது மட்டும் வீட்டுக்காரர் நல்லசிவத்தின் குளியலறை ஜன்னலில் மூன்று நாளாகக் காலியாக உட்கார்ந்திருந்தது.

அந்த டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடையாறில் ஒரு பழைய பங்களாவில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வேலை. அங்கே டாக்டர் அஸ்மத்துன்னிசா என்ற அம்மையார், தெருநாய், மாடு, கால்வாயோரம் மேயும் பன்றி ஆகியவற்றின் வயிற்றில் இருக்கும் புழுக்கள் மனிதர்களுக்கு எப்படி வந்து சேருகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நாற்பது வீடுகள், வீட்டுக்கு ஒருவருடைய மலம், மூடி போட்ட டப்பாவில். கேட்கப் போன ஓர் இடத்தில் ஒரு அம்மாள் நாயை அவிழ்த்துவிட்டாள். தணிகாசலம் பொறுமையாகக் காத்திருந்து அந்த நாயின் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

நல்லசிவம் திருநெல்வேலிக்காரர். தி. நகரில் ஜவுளிக்கடை. அவர் வீட்டுப் பின்கட்டில்தான் தணிகாசலம் குடியிருந்தான். டாக்டரே நேரில் வந்து கேட்டதால் மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிவத்தில் சாப்பாட்டு விவரம் கேட்ட இடத்தில், “சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாதுன்னு எழுதுங்க” என்று அவர் மனைவி பங்கஜம் பக்கத்தில் நின்று சொன்னாள்.

திங்கள்கிழமை பத்து மணிதான் கெடு. காலையில் தணிகாசலம் மறுபடியும் போய் நின்றான். நல்லசிவம் கண்ணாடி முன்னால் விபூதி பூசிக்கொண்டே, “நாளைக்குப் பாப்பமே, தம்பி” என்றார்.

மணி எட்டரை. ஆராய்ச்சிக்கு வேண்டியது ஒரு மனிதனுடைய சாம்பிள்தானே, நானும் மனிதன்தானே என்று தணிகாசலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு தன் பக்கத்துக் கழிவறைக்குள் போனான். பத்து மணிக்கு முன்பே ஆராய்ச்சிக்கூடத்தின் பின்வாசலில் நாற்பது டப்பாக்களும் உதவியாள் வேலுவின் கையில் இருந்தன. தணிகாசலம் நிம்மதியாக ஒரு டீ குடித்தான்.

வியாழக்கிழமை டாக்டர் அவனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாக, சுற்றிலும் கோடு போட்ட விளிம்போடு ஏதோ தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டை என்றார் டாக்டர். எந்த நம்பர் என்று அவன் கேட்டான். நாற்பது என்றார். தணிகாசலம் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் புழு, பன்றிக்கறியையோ மாட்டுக்கறியையோ அரைவேக்காடாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் வரும் என்று டாக்டர் விளக்கினார். அதன் முட்டை கைவழியாக வாய்க்குள் போனால் மூளைவரை ஏறி வலிப்புகூட வரலாம் என்றார். பிறகு கண்கள் பளபளக்க, “சுத்த சைவர் வயித்துல இது எப்படி வந்தது, தணிகாசலம்? இதுக்கு விடை தெரிஞ்சா, நம்ம ஆராய்ச்சியே வேற ஆராய்ச்சி” என்றார்.

தணிகாசலத்துக்கு விடை தெரியும். மாட்டுப் பொங்கலன்று சைதாப்பேட்டையில் மச்சான் வீட்டில் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பன்றிக்கறி. அந்த நிமிஷமே அவனுக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

மறுநாள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி விழுங்கினான். போதாதென்று விளக்கெண்ணெயும் குடித்தான். வீட்டில் தன் தட்டைத் தனியாக வைத்தான். பிள்ளைகளைத் தொடுவதற்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். அவன் மனைவி தேவானை இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க மேல என்ன கோவம்?” என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரை எப்படியாவது திசைதிருப்பிவிடலாம் என்று நினைத்து, நல்லசிவம் வெளியில் எங்காவது தெரியாமல் சாப்பிட்டிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். நல்ல யோசனை, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கேட்கிறேன் என்றார் டாக்டர்.

அதுதான் வினையாகப் போயிற்று. டாக்டர் வந்து உட்கார்ந்து, உங்கள் சாம்பிளில் புழு இருக்கிறது என்று சொன்னால், நான் எங்கே சாம்பிள் கொடுத்தேன் என்று நல்லசிவம் கேட்பார். அத்தோடு வேலை போய்விடும். அவரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று ஓடினான். அவர் கடைக்குப் போயிருந்தார். பங்கஜம்தான் இருந்தாள். டாக்டர் எதற்காக வருகிறார் என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். காய்கறியைப் பார்க்க வருகிறார் என்றான். காய்கறிக்கு என்ன என்றாள். கடைசியில் புழு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் பச்சையாக இருந்த எல்லாம் குப்பைக்குப் போயிற்று. தண்ணீர் மூன்று முறை கொதித்தது. ஆற்றோரத்துக் கீரையால்தான் அவுகளுக்குப் புழு வந்துவிட்டது என்று பங்கஜம் தெரு முழுக்கச் சொன்னாள். சனிக்கிழமை காலையில் கீரைக்காரி தாயம்மா கூடையோடு வந்து பின்கட்டு வாசலில் நின்றாள். அவளிடம் ஒருவரும் ஒரு கட்டுக்கூட வாங்கவில்லை.

“பொறந்ததுலேர்ந்து அந்தக் கீரையத்தான் துன்னுக்கினு கீறேன். எனக்கு ஒரு புழுவும் வர்ல. நீதான் டாக்டரம்மா ஆபீசுல வேல செய்றியாமே, நீயே சொல்லு நைனா” என்றாள்.

தணிகாசலத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு கட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். நல்லசிவம் எதிரே உட்கார்ந்தார். விஷயத்தை டாக்டர் சொன்னதும் தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு, விழப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

அந்த வார்த்தை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது நல்லசிவம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இருக்கட்டும்மா. மாத்திரையக் குடுங்க, சாப்பிட்டுருதேன்” என்றார்.

மாமிசம் சாப்பிடும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதற்குப் பங்கஜம் முந்திக்கொண்டாள். “அவுக வெளியில பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டாக.”

நல்லசிவம் கையை நீட்டினார். கொடுத்த மாத்திரைகளை எல்லார் எதிரிலும் மென்று விழுங்கினார்.

தணிகாசலத்துக்கு நம்பவே முடியவில்லை. டப்பாவையே தொடாத மனிதர், குடியிருக்கிறவனின் வேலையைக் காப்பாற்றுவதற்காக இல்லாத புழுவைத் தன் வயிற்றில் ஏற்றுக்கொண்டுவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா? டாக்டர் போனதும் நல்லசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, இத நான் ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்” என்றான்.

நல்லசிவம் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இத இத்தோட விட்ருவோம், தம்பி. யார்ட்டயும் பேச வேண்டாம்.”

அவனும் விட்டிருப்பான். ஆனால் டாக்டர் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் டில்லிக்கு எழுதுகிற கட்டுரையைப் படித்துக் காட்டினார். அதில் ஐம்பத்திரண்டு வயதுள்ள சைவ வணிகர் ஒருவர் வந்தார். பங்கஜம் சொன்ன கீரைக் கதையும் வந்தது. பன்றி மேயும் ஆற்றோரத்துக் கீரைப் பாத்திகளை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டும் என்று கட்டுரை முடிந்தது. வெள்ளிக்கிழமை டில்லியிலிருந்து இரண்டு பெரிய விஞ்ஞானிகள் நல்லசிவத்தை நேரில் பார்க்க வருகிறார்களாம்.

தணிகாசலம் கேட்டுக்கொண்டே நின்றான். கூடையோடு நின்ற தாயம்மாவும், தலைகுனிந்து மாத்திரை மென்ற நல்லசிவமும் மாறி மாறி அவன் கண்முன் வந்தார்கள். வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

“அம்மா, அந்தக் கட்டுரைய அனுப்ப வேணாம். நாப்பதாம் நம்பர் அவரோடது இல்ல. என்னோடது.”

கழிவறை முதல் விளக்கெண்ணெய் வரை ஒன்றுவிடாமல் சொன்னான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒரு சாம்பிளில் பொய் என்றால் மற்ற முப்பத்தொன்பதையும் எப்படி நம்புவது என்று மட்டும் கேட்டார். பிறகு மணியை அடித்து, பதிவேட்டைக் கொண்டுவரும்படி வேலுவிடம் சொன்னார். நாற்பதாம் எண்ணை அடித்துவிட வேண்டும், தணிகாசலத்தைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த வேலு, பதிவேட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். தலையைச் சொறிந்தான்.

“அத்த அடிக்காதீங்கம்மா. அதுல கீறது சார் டப்பா இல்ல” என்றான்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“அன்னிக்கு சார் குடுத்ததுல கடசி டப்பா கைதவறி வுயுந்து எல்லாம் கொட்டிப்பூட்ச்சி. சொன்னா வேல பூடும்னு பயந்துகினேன். சீட்டுல பேரு கீது, விலாசம் கீது. வேற டப்பா எடுத்துக்கினு சைக்கிள்ல மந்தவெளிக்குப் போனேன். ஜவுளிக்கட ஐயா அப்பதான் கடைக்குக் கிளம்பிக்கினு இருந்தாரு. கையில கால்ல வுயுந்து அவுருகிட்டயே வாங்கியாந்துட்டேன்.”

தணிகாசலம், யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். ஐந்து நாளாக மண்டையைப் பிளந்த வலி, கழற்றி வைத்த தொப்பி மாதிரிக் காணாமல் போயிற்று. பிள்ளைகளைத் தொடலாம். தேவானையோடு ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம். பதிவேட்டில் பொய் இல்லை. அவன் எழுதிய பேர், அந்தப் பேருக்கு உரியவருடைய சாம்பிள். டாக்டர் இரண்டு பேரையும் கால்மணி நேரம் வெளுத்து வாங்கினார். அது அவனுக்குச் சித்திரைமாத மழை மாதிரி இதமாக இருந்தது. திட்டி முடித்ததும் டாக்டரும் நீளமாக மூச்சுவிட்டார். நாற்பதும் நாற்பதாகவே இருந்தது. யாரைப் பற்றியும் யாருக்கும் எழுத வேண்டியதில்லை.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரையை மறுபடி இழுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார். பிறகு எதையோ யோசித்தபடி நிறுத்தினார்.

“ஆக, புழு அவருக்குத்தான். அப்படின்னா கேள்வி அப்படியேதான் இருக்கு. கறியே தொடாத மனுஷனுக்கு இது எப்படி வந்திருக்கும்?”

வாசல்வரை போய்விட்ட வேலு திரும்பினான்.

“அதெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. டப்பாவக் குடுக்கசொல்லோ ஐயா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: வாராவாரம் ராயப்பேட்டையில துன்ற பன்னி வறுவலு இதுல தெரியுமா, தெரிஞ்சா வூட்ல சொல்லிடுவீங்களான்னு.”