விண்வெளி வீரன் பெண் பார்க்கப் போன கதை

மூடிய கதவைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. திருட்டுப் புத்தியெல்லாம் இல்லை. ஒரு பழைய கணினி விளையாட்டு செய்த வேலை.

ஆளில்லாத விண்வெளி நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு வீரனின் கதை அது. சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் மவுஸால் தட்டிப் பார்க்க வேண்டும். எதிர்ப்படும் ரோபோவிடம், அது சொன்னதையே திருப்பிச் சொல்லும்வரை கேள்வி கேட்க வேண்டும். கதவு மூடியிருந்தால் கதையே அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்று பொருள். படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஆனாலும் ஒரு கதவு திறந்து, சன்னலில் ஊதா நிறக் கோள் எழுந்து வந்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். (வீட்டில் வேறு யாரும் இல்லை.)

அந்தச் சமயம் பார்த்து அம்மா கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில், பெண் பார்க்க ஏற்பாடு செய்தார். அதுவரை வந்த இடமெல்லாம் தட்டிப் போயிருந்தது. இந்தப் பெண்ணை, கவிதாவை, படத்தில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

"இதுவும் போச்சுன்னா இனிமே நான் தேட மாட்டேன்லா. வாய மூடிக்கிட்டு ஒக்காரு," என்று காரில் கடல் பாலத்தைக் கடக்கும்போதே அம்மா எச்சரித்தார்.

கவிதாவின் வீட்டுக் கூடம் பளபளவென்று இருந்தது. ஒரு நாளிதழ்கூடக் கண்ணில் படவில்லை. காலையில் கிளம்பும்வரை விளையாடிவிட்டு வந்த என் மூளை இன்னும் விண்வெளி நிலையத்தை விட்டு இறங்கவில்லை.

"வீடு எப்ப வாங்கினீங்க அங்கிள்? பின்பக்கம் வாசல் இருக்கா? இந்தக் கடிகாரம் ஓடுதா?"

கவிதாவின் அப்பா ஒரே பதிலை இரண்டாம் முறை சொன்னதும் எனக்குத் திருப்தி. அடுத்து அவள் அம்மா.

"ஆண்ட்டி, அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?"

அவர் முகம் மாறியது. "ஒன்னும் இல்ல தம்பி, ஸ்டோர். நீங்க மீ சாப்பிடுங்க," என்று நூடுல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

பேச்சை மாற்றுகிறார்! எனக்கு வேறென்ன வேண்டும்?

"தம்பி இன்கம் டேக்ஸ்லயா வேல செய்யுது?" என்று அங்கிள் அம்மாவிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

கை கழுவப் போகும் சாக்கில் எழுந்தேன். கைப்பிடியைத் திருப்பி, கதவை இழுத்தேன்.

மடிக்காத துணிகள், நாளிதழ்கள், வாளிகள், ஓடாத காற்றாடி, உடற்பயிற்சி சைக்கிள் என்று, எங்களுக்காகக் கூடத்திலிருந்து வாரி அடைத்த அத்தனையும் என் மேல் சரிந்தன. அங்கிளின் கைலி என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். ஆண்ட்டியின் கண்கள் கலங்கிவிட்டன. விளையாட்டில் என்றால் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். பாகான் டாலாமில் அந்த வசதி இல்லை.

"ஏன் தம்பி தொறந்தீங்க?" என்றார் அங்கிள்.

"கேம்ல... மூடின கதவுன்னா தொறக்கணும் அங்கிள்."

கவிதா கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அம்மா குனிந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "எங்க வீட்லயும் இதே கததான்க்கா. யாராச்சும் வந்தா எல்லாத்தயும் அள்ளி காடி பூட்ல போட்டுருவோம். போன வாரம் போட்டது இன்னும் அதுலதான் கெடக்கு. வேணும்னா வாசல்ல வந்து பாருங்க."

ஆண்ட்டி நிஜமாகவே போய் எங்கள் காரின் பின்பெட்டியைப் பார்த்தார். திரும்பி வரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு இருவரும் சேர்ந்து துணி மடித்தார்கள்; மடித்து முடிப்பதற்குள் கல்யாணத்தையும் பேசி முடித்தார்கள்.

கவிதா என் தலையிலிருந்த கைலியை எடுத்தாள். "அந்த சைக்கிள் என்னோடது. வாங்கினதோட சரி," என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இன்றும் நாங்கள் போனால் மாமா வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: "மாப்பிள்ள வந்துட்டாரு, ஸ்டோர் கதவத் தொறந்து விடுங்க!"

ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அதே கூத்துதான். கூடத்தில் கிடப்பதையெல்லாம் கவிதா பின்னறைக்குள் தள்ளுவாள். கடைசியாகக் கணினியையும் என்னையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவாள். நான் நிம்மதியாக விண்வெளிக்குக் கிளம்புவேன்.

"அந்த ரூம்ல என்ன இருக்கு?" என்று யாராவது கேட்பது உள்ளே கேட்கும்.

"ஒன்னும் இல்ல," என்பாள் கவிதா. "ஸ்டோர்."