ராசாவின் காது

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: பதினெட்டு வருடமாக அளம்பில் கோயில் கூத்தில் முடிதரித்து மேடையாண்ட மகாராசா ஞானப்பிரகாசம் அவர்களின் திருச்செவிகள் இரண்டும் குறும்பியால் அடைத்துக்கொண்டன.

ராசாவுக்கு முதலில் கவலையே இல்லை. கடலோரக் களப்பில் முழுகி எழுந்ததிலிருந்து உலகம் தண்ணீருக்கடியில் போயிருந்தது. கடல் வாயசைத்தது, சத்தமில்லை. காகங்கள் எங்கோ கனவுக்குள் கரைந்தன. ஆனால் அவர் ஒரு விருத்தம் எடுத்தாலோ, மண்டைக்குள் ஒரு தேவாலயமே எழும்பியது. அதன் கூரையெல்லாம் அவர் குரல் தேனாய் வழிந்தது. வருடக்கணக்காக அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்த இனிமை, இப்போது பூரணமாகிவிட்டது.

கெடுத்தது மத்தளம். அது ஒரு பக்கம் போக, ராசா ஒரு பக்கம் போனார்.

"ஞானம், ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை காதைத் திருத்து. இல்லாட்டி முடி மெல்ரொனுக்கு!" என்று, மந்திரி வேடக்காரனைக் காட்டிக் கத்தினார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார்.

ஞானப்பிரகாசம் தலையைத் தடவினார். "ஓம் அண்ணாவியார், முடி மெல்லிசாத்தான் போச்சுது. வயசெல்லே."

மனைவி எமில்டா காதோடு வாய்வைத்து விளக்கியபின்தான் ராசாவுக்கு வியர்த்தது. கொண்டையூசியை விட்டார், வலக்காது கல்லாயிற்று. கோழியிறகை விட்டார், இடக்காது நொந்து, கூச்சம் தொண்டைக்கு இறங்கி, அரைமணி நேரம் இருமினார். அடுத்ததாக அவர் சைக்கிள் பம்பைத் தேட, எமில்டா அதை நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, ஆளை நேர்ஸ் றஞ்சனியிடம் இழுத்துப்போனார்.

போரால் பற்றரிக்குத் தடையிருந்த காலம், ரோச்லைற் எரியாது. றஞ்சனி முகம்பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காதுக்குள் விட்டாள்.

"ஊசி விடச் சொன்னது ஆர்? குறும்பி தானாய் வெளியிலை வாற சாமான். நீங்கள் குத்திக் குத்தி உள்ளுக்கு அனுப்பியிருக்கிறியள். நல்ல காலம், தோல் உரஞ்சினதோடை போச்சு. உடம்புச் சூட்டிலை தேங்காயெண்ணெய், ரெண்டு துளி, காலமையும் பின்னேரமும். வேறை ஒண்டும் விடப்படாது. நோவு கூடினால் உடனை வாங்கோ."

ஐந்து நாள் எமில்டா எண்ணெய் விட்டார். ஒவ்வொரு முறையும் ராசா சரிந்து கிடந்தபடியே பாடிப் பார்த்து, "எப்பிடி?" என்றார்.

"அந்தமாதிரி!" என்று, பிரமாதம் என்பதுபோலத் தலையாட்டினார் எமில்டா.

ஐந்தாம் நாள் இரண்டு கபிலநிறக் குறும்பிக் கட்டிகள் தாமாகவே வழுக்கி வந்தன. அலைச்சத்தம் வந்தது. காகம் வந்தது. ராசா நெஞ்சை நிமிர்த்தி விருத்தம் எடுத்தார்.

துருப்பிடித்த கிணற்றுக் கப்பி ஒன்று கிறீச்சிட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு றஞ்சனியிடம் ஓடினார்.

"பிள்ளை, காதுக்குள்ளை ஏதோ பழுதாப்போச்சு. இதைக் கேள்!" முழு விருத்தத்தையும் பாடினார். வரிசையில் நின்ற ஒரு குழந்தை வீரிட்டது.

றஞ்சனி மறுபடி வெயிலைப் பிடித்துப் பார்த்தாள். "காது சுத்தம், ஐயா."

"அப்ப அந்தக் கப்பிச் சத்தம்?"

"அது உங்கட குரல்."

ராசா மரவாங்கில் குந்திவிட்டார். "இந்தக் குரலோடை நான் எப்பிடி மேடை ஏறுறது? பிள்ளை... அந்தக் குறும்பியைத் திரும்ப வைக்கேலாதோ?"

எமில்டா தன் காதுகளிலிருந்து இரண்டு பஞ்சுருண்டைகளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை வையுங்கோ. பதினெட்டு வருசமா நான் இதைத்தான் வைக்கிறனான்."