வீரனின் பச்சைக் கறி வைத்தியம்

சோற்றுத் தட்டில் ரத்தம் இருந்தது. மாதவராஜ் பதறிப்போய் வீரனின் வாயைப் பிளந்து பார்த்தார். ஈறு முழுக்கச் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது.

தக்காளித் தோட்டக் காவலுக்கென்று போன மாதம்தான் ஓசூர் பக்கத்திலிருந்து வாங்கி வந்த நாய். கன்றுக்குட்டி உயரம். "ரெண்டு வயசு, சிங்கம்ங்க" என்று விற்றவன் சொன்னதை இவரும் மாரண்டஹள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தார். சிங்கம் இதுவரை மூன்று ஜோடிச் செருப்பைக் கடித்துத் துப்பியிருந்தது. இடி இடித்தால் அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"டாக்டருகிட்டக் காட்டுங்க," என்றாள் மனைவி ராதிகா.

"வேணாம். கொழகொழன்னு சோறு போட்டதுதான் தப்பு. பச்சைக் கறி போட்டா ஈறு கெட்டியாவுமாம். போன் வீடியோல ஒருத்தரு தெளிவாச் சொல்றாரு."

"அவரு டாக்டருங்களா?"

"பத்து நாய் வச்சிருக்காரு!"

அரைக் கிலோ கோழிக் கழுத்து வந்தது. வீரன் மோந்து பார்த்துவிட்டு ராதிகாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

மென்றால் வலிக்கிறது போலும் என்று மாதவராஜ் அதை மிக்சியில் போட்டு அரைத்தார். அதையும் வீரன் தொடவில்லை. மறுநாள் தேங்காய்ச் சட்னியில்தான் கோழி வாடை அடித்தது.

"இனிமே அந்த மிக்சியில நீங்களே அரைச்சு நீங்களே தின்னுங்க," என்று ராதிகா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தின்று காட்டினால் நாய் பழகிக்கொள்ளும் என்றும் போன்காரர் சொல்லியிருந்தார். வேறு வழியில்லை. மாதவராஜ் வாசலில் மண்டியிட்டு, கையை ஊன்றி, ஒரு கழுத்தைப் பல்லில் கவ்வி உறுமினார்.

அந்த நேரம் பார்த்து, மோட்டார் ரூம் சாவி கேட்டு வந்தார் பக்கத்துத் தோட்டத்து ராஜப்பன்.

"என்னங்க... வூட்ல சோறு ஆக்கலீங்களா?"

வாயில் கோழியோடு எதை விளக்குவது? மாதவராஜ் விழித்துக்கொண்டிருக்கும்போதே வீரன் அந்தக் கோழிக் கழுத்தைப் பிடுங்கி ஒரே கடி கடித்தது. உடனே வீலென்று கத்தியது. தரையில் ஒரு பல் கிடந்தது. வாய்க்குள் இன்னொன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாவி நான், கொன்னுப்புட்டேனே!"

பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, நாயைத் தக்காளி வண்டியில் ஏற்றிப் பாலக்கோட்டுக்கு விரட்டினார். அவர் தொடையில் தலைவைத்து வீரன் முனகியபடியே வந்தது. இவ்வளவு நல்ல நாயைப் போன்காரன் பேச்சைக் கேட்டுக் கெடுத்தேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் கவிப்பிரியா நிதானமாக வாயைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாப் பல்லும் போயிருமாம்மா?"

"எல்லாமே விழும்ங்க."

மாதவராஜ் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "பொழைக்குமா?"

"பால் பல்லு விழுந்து எந்தக் குட்டியாச்சும் செத்திருக்குங்களா? இதுக்கு அஞ்சு மாசந்தான் ஆவுது!"